அச்சும் அடுக்குமாக நிலக்காட்சி வாழ்த்து அட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் நெருங்கினால் கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் ஒன்று உண்டு. சாமி படம், நடிகர் படம், கரும்பு, பானை, ஏர் என்று வரிசையாகக் காற்றில் ஆடும். இன்று வாழ்த்து போனில் வந்துவிடுகிறது. அதனாலேயே, ஒருவர் கையால் செய்து தபாலில் அனுப்பும் அட்டைக்கு மதிப்பு கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன். வயல், மலை, கடற்கரைக் காட்சிகளை ரப்பர் அச்சால் பதித்து, காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அட்டை செய்யப் பழகுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரு பொங்கல் அட்டையையே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஓவியம் வராது. இதைச் செய்ய முடியுமா?

முடியும். மரம், மாடு, படகு, பறவை எல்லாம் அச்சிலேயே இருக்கின்றன. எதை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்தமாகப் பதிப்பது, எந்தப் பொழுதின் வெளிச்சத்தைக் கொண்டுவருவது என்று முடிவு செய்வதுதான் உங்கள் வேலை. மலைக்கும் வரையத் தெரிய வேண்டாம். கத்தரிக்கோலை வளைத்து வளைத்து ஓட்டினால் மலைக்கோடு வந்துவிடும்.

தொடங்க என்னென்ன வேண்டும்?

ஒரு மர அச்சு, ஒரு பறவைக்கூட்ட அச்சு, தரைக்கு ஒரு புல் அல்லது நாற்று அச்சு. மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், கறுப்பு என நான்கு மைப்பெட்டிகள். மை தேய்க்க மேக்கப் ஸ்பாஞ்சு. கட்டர், ஸ்டீல் ஸ்கேல், கம் ஸ்டிக், இருபக்க டேப், அடுக்கைத் தூக்கி ஒட்டப் பஞ்சுபோல் தடித்த ஃபோம் டேப். இவ்வளவு போதும். முதல் நாளே முப்பது அச்சு வாங்கினால் முப்பதையும் ஒரே அட்டையில் குத்தத்தான் கை போகும். மூன்று அச்சை வைத்துக்கொண்டு பத்து விதமான வானம் செய்து பாருங்கள், அதில் கற்பது அதிகம்.

காகிதத்துக்குச் சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகலாம். கல்யாணப் பத்திரிகைக்காக வரும் எல்லா வகை அட்டையும் அங்கே கிடைக்கும். மற்ற ஊர்களில் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கேட்டாலே வெட்டி மிஞ்சிய நல்ல அட்டைகளைக் கொடுப்பார்கள்.

எந்தக் காகிதம் நல்லது?

மடிக்கும் அடி அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம். மேலே ஒட்டும் அடுக்குகளுக்கு 160 முதல் 200. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் கிராம் எடை. இந்தக் கணக்கு தபால் செலவுக்கும் உதவும், கீழே சொல்கிறேன்.

அச்சு குத்தும் அடுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும், ஆனால் பளபளப்பாக இருக்கக் கூடாது. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று கையில் ஒட்டும். புதுச்சேரி பக்கம் கிடைக்கும் கையால் செய்த காகிதம் தொடுவதற்கே அழகு. ஆனால் அதன் சொரசொரப்பில் மெல்லிய கோடுள்ள அச்சு பாதிதான் விழும். அதை மலைக்கும் மூடுபனிக்கும் கிழித்துப் பயன்படுத்துங்கள். அதன் பஞ்சு பஞ்சான விளிம்பைக் கத்தரியால் கொண்டுவரவே முடியாது.

மடிக்கும்போது அட்டை வெடித்துப் போகிறதே?

காகிதத்தின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள். அட்டையை மெதுவாக இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ அந்த வளைவை ஒட்டித்தான் மடிப்பு வர வேண்டும். மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக ஒருமுறை அழுத்தி இழுத்துக்கொள்ளுங்கள்.

அச்சு எங்கே கிடைக்கும்? நானே செய்யலாமா?

கைவினைப் பொருள் கடைகளில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு ரப்பர். இன்னொன்று கண்ணாடிபோல் தெரியும் பாலிமர், அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக் குத்துவது. காட்சி அமைக்கத் தொடங்குகிறவர்களுக்குக் கண்ணாடி வகையையே சொல்வேன். எங்கே விழுகிறது என்பதை மேலிருந்தே பார்த்துக் குத்தலாம்.

ஆனால் நம் ஊர்க் காட்சிக்கான அச்சு கடையில் கிடைப்பது கஷ்டம். ஊசியிலை மரமும் பனிமானும்தான் வரிசையாக இருக்கும். பனைமரத்துக்கும் களத்துமேட்டுக்கும் நாமேதான் வழி பார்க்க வேண்டும். சுலபமான வழி ஒன்று உண்டு. வெள்ளைத்தாளில் அழுத்தமான கறுப்பில் படத்தை வரைந்தோ வரைந்து வாங்கியோ, அலுவலக முத்திரை செய்யும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொடுங்கள். முத்திரை செய்வதுபோலவே அதையும் செய்து தருவார்கள். சாம்பல் நிழல் எதுவும் இருக்கக் கூடாது, கறுப்பும் வெள்ளையும் மட்டும். மிக மெல்லிய கோடுகளையும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொரு வழி, பென்சில் அழிக்கும் பெரிய ரப்பரில் செதுக்குவது. மென்மையான பென்சிலில் படத்தை வரைந்து ரப்பர்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் படம் இடவலம் மாறி ரப்பரில் ஒட்டும், குத்தும்போது மறுபடி நேராகும். வி வடிவ உளியை லேசாகச் சாய்த்துப் பிடித்து, கோட்டுக்கு வெளிப்பக்கம் சரிவு வருமாறு செதுக்குங்கள். உள்பக்கம் குடைந்துவிட்டால் கோட்டுக்கு அடியில் தாங்கல் இல்லாமல், அழுத்தும்போது மடங்கிவிடும்.

எந்த மை வாங்குவது?

டை மை காகிதத்துக்குள் இறங்கி உடனே காயும். வானம் தேய்க்கவும் மரம் குத்தவும் இதுவே போதும். பிக்மென்ட் மை மேலே படிந்து நிற்கும். மெதுவாகக் காயும், ஆனால் அடர்நிறக் காகிதத்திலும் தெரியும். கறுநீல அட்டையில் வெள்ளை நிலா, வெள்ளை அலைநுரை வேண்டுமென்றால் இதுதான். அச்சின்மேல் வாட்டர்கலர் தீட்டுவதாக இருந்தால் நீரில் கரையாத மை என்று கேட்டு வாங்குங்கள்.

அலுவலக ஸ்டாம்ப் பேடைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். அனுப்பப்போகும் அட்டைக்கு வேண்டாம். சட்டென்று காயாது, ஈரக்கை பட்டால் பரவும்.

எந்தக் காட்சியைச் செய்வது என்றே தோன்றவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மரத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ தொடங்காதீர்கள். பொழுதிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கலையில் நான் வலியுறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான். பொழுது முடிவானால் வானத்தின் நிறம் முடிவாகிறது. வானம் முடிவானால் மலையின் நிறம், நிழலின் திசை, என்னென்ன உருவம் வரலாம் என்பதெல்லாம் தானாக அமையும்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய கணக்கு தயாராகவே இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுதையும் சேர்த்தே சொல்கிறது. மலையான குறிஞ்சிக்கு நள்ளிரவு. காடான முல்லைக்கு மாலை. வயலான மருதத்துக்கு விடியல். கடற்கரையான நெய்தலுக்குச் சூரியன் சாயும் நேரம். பாலைக்கு உச்சி வெயில். அகப்பாடலுக்காகச் சொன்னது என்றாலும், அட்டை செய்கிறவருக்கு இது ஐந்து வானங்களின் பட்டியல். கறுநீல வானம், வெள்ளை நிலா, அடியில் மூன்று மலைக்கோடு என்றால் குறிஞ்சி. ஆரஞ்சு வானம், கட்டுமரம், கரையில் ஒரு புன்னை என்றால் நெய்தல். பாலை கடினம். உச்சி வெயிலில் நிழலே இல்லை, வானமும் வெளிறிப் போயிருக்கும். ஆனால் வெறும் மணல்நிறக் காகிதத்தில் ஒரே ஒரு பட்டமரத்தையும் ஒரு பருந்தையும் வைத்து நிறையச் சொல்லலாம்.

பொங்கல் அட்டைக்கு மருதம். விடியற்காலை, கீழ்வானில் மஞ்சள், வயலின்மேல் மெல்லிய பனி. ஒன்றைக் கவனியுங்கள். பொங்கல் அட்டைகளில் வயலைப் பச்சைப் பசேலென்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. தை மாதத்தில் சம்பா கதிர் முற்றிப் பழுத்து நிற்கும், சில வயல்களில் அறுவடையே முடிந்திருக்கும். பழுப்பும் பொன்னிறமும்தான் அந்த வயலின் நிறம். பச்சையைக் கரும்புக்கும் வரப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் விவசாயக் குடும்பம் என்றால் இதைக் கட்டாயம் கவனிப்பார்.

வானத்தைத் திட்டுத் திட்டாக இல்லாமல் எப்படித் தேய்ப்பது?

ஸ்பாஞ்சில் மையைத் தொட்டு முதலில் வேறு தாளில் தேய்த்து மிச்ச மையை எடுத்துவிடுங்கள். பிறகு அட்டைக்கு வெளியே, அடியில் விரித்த தாளில் ஆரம்பித்து, வட்டம் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே அட்டைக்குள் வாருங்கள். நேராக அட்டை நடுவில் வைத்தால் வைத்த இடத்தில் கறை விழும், அது போகாது. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. அழுத்தம் வேண்டாம், பலமுறை தேய்ப்பதால்தான் நிறம் ஏற வேண்டும்.

விடியல் வானத்தில் பலருக்கும் வரும் சிக்கல், மஞ்சளும் நீலமும் சேருமிடத்தில் பச்சை தட்டுவது. இரண்டுக்கும் நடுவே இளஞ்சிவப்பை ஒரு பட்டையாக விடுங்கள். மஞ்சளோடு சேர்ந்தால் ஆரஞ்சு, நீலத்தோடு சேர்ந்தால் ஊதா. உண்மையான விடியலிலும் அந்த நிறங்களைத்தானே பார்க்கிறோம்.

வானத்தின் மேல்விளிம்பை அடர்த்தியாக வைத்து, கீழே வர வர வெளிறவிடுங்கள். ஜப்பானிய மரக்கட்டை அச்சில் இதற்கு பொகாஷி என்று ஒரு முறையே இருக்கிறது. கட்டையிலேயே மையை ஒரு பக்கம் திக்காகவும் மறுபக்கம் நீர்த்தும் பரப்பி அச்சிடுவார்கள். 1830களில் ஹிரோஷிகே என்ற ஓவியர் வெளியிட்ட நிலக்காட்சிகளின் மேல்விளிம்பில் ஓடும் அந்த நீலப் பட்டையைப் பார்த்தால், ஒரு பட்டை நிறம் எவ்வளவு பெரிய ஆகாயத்தைக் காட்டும் என்பது புரியும்.

சூரியனுக்கோ நிலாவுக்கோ வட்டமாக ஒரு ஸ்டிக்கரை லேசாக ஒட்டி, வானம் தேய்த்து முடித்ததும் உரித்துவிடுங்கள். ஒட்டும் முன் உள்ளங்கையில் ஒருமுறை வைத்து எடுத்தால் பசை குறையும், காகிதம் உரியாது.

மலை தூரத்தில் இருப்பதுபோல் ஏன் தெரிய மாட்டேன் என்கிறது?

எல்லா மலையையும் ஒரே அழுத்தத்தில் செய்திருப்பீர்கள். கண்ணுக்கும் மலைக்கும் நடுவில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது, அதிலும் நீல ஒளியை அதிகமாக. அதனால் தூரம் கூடக் கூட மலை வெளிறும், நீலம் ஏறும், விவரம் மறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து பார்க்கும்போது நீலகிரியின் காடுகள் பச்சையாகவா தெரிகின்றன?

ஆகவே கடைசி மலைக்கு வெளிர் சாம்பல் நீலம், நடுமலைக்கு அதைவிடக் கொஞ்சம் அடர்த்தி, முன்னால் உள்ள மேட்டுக்குக் கரும்பச்சை அல்லது கறுப்பு. ஒரே நீல மையே போதும். ஒரு தேய்ப்பு, மூன்று தேய்ப்பு, ஆறு தேய்ப்பு என்று வேறுபடுத்தினால் மூன்று மலை கிடைத்துவிடும். மரங்களுக்கும் இதே வழிதான். அச்சில் ஒருமுறை மை தொட்டு, முதல் பதிவை முன் அடுக்கிலும், மறுபடி மை தொடாமல் இரண்டாம் பதிவை நடு அடுக்கிலும், மூன்றாவதைக் கடைசி அடுக்கிலும் குத்துங்கள். தானாகவே மங்கிக்கொண்டு போகும். முடிந்தால் தூரத்துக்கு அதே மரத்தின் சிறிய அச்சு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குகளின் அளவு என்ன?

ஏ5 தாளைப் பாதியாக மடித்தால் 148 மி.மீ. அகலமும் 105 மி.மீ. உயரமும் உள்ள அட்டை வரும். இந்த அளவையே பரிந்துரைப்பேன். வானத்துக்கு 140 x 97 மி.மீ. துண்டு. அதன்மேல் அடிவிளிம்பு எல்லாம் ஒரே கோட்டில் வருமாறு, 140 மி.மீ. அகலமுள்ள மூன்று பட்டைகள். தூரத்து மலை சுமார் 45 மி.மீ. உயரம், நடுமேடு 35, முன்வயல் 22. ஒவ்வொன்றின் தலையும் முன்னால் உள்ளதைத் தாண்டி 10 மி.மீ. அளவுக்கு எட்டிப்பார்க்கும்.

மூன்று மலைக்கோடும் ஒரே மாதிரி ஏறி இறங்க வேண்டாம். ஒன்று இடப்பக்கம் உயர்ந்தால் அடுத்தது வலப்பக்கம் உயரட்டும்.

பட்டைகளை ஒட்டுவதற்கு முன்பே அவற்றில் அச்சு வேலையை முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு குத்தினால் விளிம்பு உள்ள இடத்தில் அச்சு விழாமல் கோடுபோல் வெள்ளை விட்டுப் போகும்.

எல்லாவற்றையும் ஃபோம் டேப்பில் தூக்கி ஒட்டலாமா?

வேண்டாம். தூரம் தட்டையாகத்தான் தெரியும். வானமும் கடைசி மலையும் கம் ஸ்டிக்கில் தட்டையாக ஒட்டப்படட்டும். நடுமேட்டுக்கு 1 மி.மீ. ஃபோம், முன்வயலுக்கு 2 மி.மீ. ஓரத்தில் மட்டும் ஒட்டாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வையுங்கள், இல்லையென்றால் நடுவில் தொய்ந்துவிடும். விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டினால் பக்கவாட்டில் பார்த்தாலும் ஃபோம் தெரியாது. வெள்ளை ஃபெவிக்காலில் தண்ணீர் இருக்கிறது, மெல்லிய காகிதம் சுருங்கும். கட்டாயம் அதுதான் என்றால் புள்ளி புள்ளியாக வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றிக் காயவிடுங்கள்.

முன்னால் நிற்கும் பனைமரம் வானம்வரை உயர வேண்டும். பட்டை 22 மி.மீ. தானே?

மரத்தைத் தனித்தாளில் குத்தி, வெட்டி எடுத்து, அடிமரத்தை முன்பட்டையின் பின்பக்கம் ஒட்டுங்கள். தலைப்பகுதி வானத்தின் முன் நிற்கும். பனையோலையின் ஒவ்வொரு கீற்றையும் சுற்றி வெட்ட வேண்டியதில்லை. விடியலில் முன்னால் உள்ள மரம் எப்படியும் கருநிழலாகத்தான் தெரியும். எனவே கறுப்புத்தாளிலேயே குத்தி, தலையை உருண்டையாக வெட்டி, விளிம்பில் மட்டும் ஊசிக் கத்தரியால் சிறு சிறு வெட்டுப் போட்டால் பனைபோலவே இருக்கும்.

உயரத்தைக் கவனியுங்கள். பனை இருபது மீட்டரைத் தாண்டி வளரும். ஓலைக்குடிசை மூன்று நான்கு மீட்டர்தான். ஒரே தூரத்தில் உள்ள பனையும் குடிசையும் ஒரே உயரத்தில் இருந்தால் கண் ஏதோ தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். குடிசையைச் சிறிதாக்குங்கள், காட்சி சட்டென்று விரியும்.

அடுக்கு இல்லாமல் ஒரே தாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட முடியுமா?

மறைப்பு வைத்துச் செய்யலாம். முன்னால் இருப்பதை முதலில் குத்துங்கள். அதையே ஒட்டும் குறிப்புத்தாளின் பசையுள்ள பகுதியிலும் ஒருமுறை குத்தி, கோட்டின் மேலேயே வெட்டி, முதல் படத்தை மூடுங்கள். இப்போது பின்னால் உள்ளதை அதன்மேல் ஏறுமாறு குத்தி, மறைப்பை எடுத்தால் பின்னதை முன்னது மறைத்து நிற்கும். மறைப்பைப் பெரிதாக வெட்டினால் இரண்டுக்கும் நடுவே வெள்ளை வளையம் விழும். ஒரு நூலளவு சிறிதாக வெட்டுவதே நல்லது.

தண்ணீரில் பிரதிபலிப்பு எப்படிக் கொண்டுவருவது?

அச்சில் பிக்மென்ட் மை தொட்டு, பழைய ஓஎச்பி ஷீட் போன்ற பிளாஸ்டிக் தாளில் குத்துங்கள். காய்வதற்குள் அந்தத் தாளைத் தலைகீழாகப் புரட்டி, கரைக்கு நேர் கீழே வைத்து விரலால் தடவுங்கள். படம் தலைகீழாக, மங்கலாக, அங்கங்கே விட்டுப்போய் விழும். தண்ணீரில் அப்படித்தான் தெரியும் என்பதால் திருத்த வேண்டாம். மேலே இரண்டு மூன்று படுக்கைக் கோடுகள் போட்டால் போதும். கடல் என்றால் அடிவானம் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருக்க வேண்டும், அதோடு அட்டையின் சரிபாதியில் வரக் கூடாது.

மூடுபனி?

வெள்ளை மையைத் தொட்ட ஸ்பாஞ்சை, ஒவ்வொரு மலைப்பட்டையின் அடியிலும் லேசாகத் தேயுங்கள். மலையின் தலை தெளிவாகவும் கால் மறைந்தும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் நிறமுள்ள காகிதம் இருந்தால், கழித்துப் போடும் துண்டை உங்களை நோக்கி இழுத்துக் கிழியுங்கள். வைத்துக்கொள்ளும் துண்டின் விளிம்பில் வெள்ளை உள்பக்கம் வெளியே தெரியும். அதுவே பனிக்கோடு.

எம்பாஸிங் பவுடர் அவசியமா? முடி உலர்த்தி போதுமா?

அவசியமில்லை. சூட்டில் உருகிப் படத்தைப் புடைப்பாகக் காட்டும் பொடி இது. நிலா விளிம்பு, அலைநுரை, வாழ்த்து எழுத்து ஆகியவற்றுக்கு அழகு. மெதுவாகக் காயும் மையில் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடான காற்றை ஊதும் சூட்டுத் துப்பாக்கியால் உருக்க வேண்டும். முடி உலர்த்தியில் காற்று அதிகம், சூடு போதாது. பவுடர் உருகுவதற்கு முன் பறந்துவிடும்.

வாழ்த்தை எங்கே எழுதுவது?

உள்ளே. வானம் நன்றாக வந்த அட்டையின் குறுக்கே பெரிய எழுத்தில் வாழ்த்தை அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. வெளியில் கட்டாயம் வேண்டுமென்றால் தனிப்பட்டையில் எழுதி முன்வயலின் ஓரத்தில் வையுங்கள். உள்ளே கையெழுத்திலேயே நாலு வரி எழுதுங்கள். பெறுகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

தபாலில் நசுங்காமல் போகுமா? எடை எவ்வளவு வரும்?

சாதாரணத் தபாலில் கட்டணம் 20 கிராம் வீதம் ஏறும். ஏ5 தாள் 300 ஜிஎஸ்எம்மில் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல். வானமும் மூன்று பட்டையும் 160 ஜிஎஸ்எம்மில் நாலரை கிராம். உறை நாலு கிராம். ஃபோமையும் சேர்த்தால் 20க்குள் நிற்கும். ஏ4 தாளை மடித்துச் செய்தால் அடி அட்டையே 18 கிராமைத் தாண்டிவிடும், உறைக்கு இடமில்லை. ஒட்டுவதற்கு முன் தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

அட்டை 3 மி.மீ.க்கு மேல் தடித்தால் வழக்கமான உறையில் இறுக்கமாகிவிடும். நாலு பக்கமும் 5 மி.மீ. கூடுதலாக விட்டு உறையை நீங்களே மடியுங்கள். காட்சியின்மேல் மெல்லிய அட்டை ஒன்றை வைத்து அனுப்பினால் தபால் முத்திரையின் அடி நேராகப் படாது.

குழந்தைகளோடு செய்யலாமா?

தாராளமாக. குறுக்கே வெட்டிய வெண்டைக்காய் பூவாகவும் வான நட்சத்திரமாகவும் விழும். உருளைக்கிழங்கில் படகு செதுக்கிக் கொடுக்கலாம். வெட்டியதும் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் போஸ்டர் கலரைத் தூரிகையால் பூசிக் குத்தச் சொல்லுங்கள். மலையைக் கையால் கிழிக்கட்டும். கட்டரும் சூட்டுத் துப்பாக்கியும் பெரியவர்கள் கையில் மட்டும்.

செய்த அட்டைகளை விற்கலாமா?

நீங்களே வரைந்த அச்சு என்றால் தடையில்லை. வாங்கிய அச்சில் உள்ள படம் அதை வரைந்தவருக்கோ வெளியிட்ட நிறுவனத்துக்கோ சொந்தம். கையால் குத்திச் செய்த அட்டையை விற்கப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, ஸ்கேன் செய்து அச்சகத்தில் அடித்து விற்க அனுமதிப்பதில்லை. அந்தந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள். விலை வைக்கும்போது உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். சேர்க்காமல் விற்றால் அடுத்த பொங்கலுக்கு உங்களுக்கே செய்யத் தோன்றாது.

அச்சுகளை எப்படிப் பாதுகாப்பது?

குத்தி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். கண்ணாடி வகை வெயில் பட்டால் மஞ்சளாகி இறுகும், எனவே ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். கட்டையில் ஒட்டும் பிடி குறைந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் திரும்பிவிடும். மழைக்காலத்தில் காகிதத்தை மட்டும் மூடிய டப்பாவில் சமமாகப் படுக்க வையுங்கள். நின்ற நிலையில் வைத்தால் ஈரக்காற்றில் வளைந்துவிடும்.